துருப்பிடித்த கருவிகளுக்குப் புதுப்பூச்சு



மாத்தளை மாவட்டத்தில் இடம்பெயர்ந்தவர்கள் என்றால் அது ஒரே வகையினரைக் குறிப்பதில்லை. 1977ஆம், 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் தோட்டத்து லயங்களை விட்டு ஓடியவர்கள் உண்டு. மொரகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காக வயலையும் வீட்டையும் விட்டு எழும்பியவர்கள் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழையிலும் மண்சரிவிலும் ஒரே இரவில் வீடிழந்தவர்கள் உண்டு. போன காரணம் வேறு, போன காலம் வேறு. ஆனால் புது இடத்தில் கால் ஊன்றும்போது எல்லோருக்கும் முதலில் வேண்டியிருப்பது ஒன்றுதான். காணி உறுதி வரத் தாமதமாகும். வீடு கட்டும் பணமும் தாமதமாகும். கையில் மண்வெட்டி இருந்தால் நாளைக்கே யாருடைய மிளகுத் தோட்டத்திலாவது கூலிக்கு இறங்கலாம். அது இல்லாவிட்டால் இரவல் கேட்க வேண்டும், அல்லது இரும்புக்கடையில் கடன் சொல்ல வேண்டும்.

நிவாரணத்தில் கருவிகள் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரு முறைதான் கொடுப்பார்கள். அந்த மண்வெட்டி மூன்று வருடம் உழைக்குமா, பத்து வருடம் உழைக்குமா என்பது கொடுத்தவர் கையில் இல்லை. ஆகவே இவ்விதழில் மண்வெட்டி, முள்ளு, அலவாங்கு, காட்டுக்கத்தி, கவ்வாத்துக் கத்தி, கோடரி ஆகியவற்றுக்கும், பிள்ளைகள் கராஜ் வேலை பழகும் வீடுகளில் உள்ள ஜக், கருவிப்பெட்டி போன்றவற்றுக்கும் மீண்டும் பூச்சுப் பூசும் முறையைப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

தொடங்குமுன் ஒரு விளக்கம். புதுக்கருவியில் பளபளக்கும் பூச்சைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பெரும்பாலும் கப்பலிலும் கடையிலும் துருப்பிடியாமல் இருப்பதற்காகப் பூசிய மெல்லிய படலம். வயலில் ஒரு மழைக்காலம் கண்டாலே பல இடங்களில் போய்விடும். அதனால் அதற்குப் பிறகு நாம் பூசுவதுதான் கருவியின் உண்மையான பூச்சு.

துரு எங்கிருந்து வருகிறது

எமது மாவட்டத்திலேயே சீகிரியாவுக்கு அருகில் அலகொலவெவ என்னும் இடத்தில் பழங்காலத்து இரும்புருக்கும் உலைகளைத் தொல்லியலாளர் அகழ்ந்து கண்டிருக்கிறார்கள். அன்றைய கொல்லர்கள் கல்லை நெருப்பில் இட்டு, அதிலிருந்த ஒட்சிசனைப் பிரித்து இரும்பை எடுத்தார்கள். துரு என்பது அந்த வேலை திரும்பிப் போவதுதான். நீரும் காற்றும் சேர்ந்த இடத்தில் இரும்பு மறுபடியும் ஒட்சிசனோடு கூடி மண்ணாகப் பார்க்கிறது. இரண்டில் ஒன்றைத் தடுத்தால் துரு இல்லை. பூச்சு இரண்டையும் ஓரளவு தடுக்கிறது.

உப்பு சேர்ந்தால் துரு விரைந்து பரவும். உப்பு என்றால் கடல் உப்பு மட்டுமல்ல. நாம் போடும் பசளையும் வேதியியலில் உப்புத்தான். பொட்டாசுப் பசளையாகிய எம்.ஓ.பி.யில் குளோரைட்டு உண்டு. பசளை கலந்த மண்ணை மண்வெட்டியில் காயவிட்டு மூலையில் சாத்தி வைப்பது, ஈர உப்புத்துணியை அதில் சுற்றி வைப்பதற்கு ஒப்பாகும். மாட்டுச் சாணமும் அப்படியே. வெள்ளச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த கருவிகளைக் காயவைத்துப் பிறகு பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே கழுவச் சொல்வதும் இதனால்தான்.

துருவுக்கு இன்னொரு குணமும் உண்டு. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு கூடுகிறது. ஆகவே துருவின் மேல் பூச்சுப் பூசினால், உள்ளே மிஞ்சிய துரு மேலும் ஊதி, பூச்சை அடியிலிருந்து தூக்கி எறியும். “நல்ல தீந்தைதான் வாங்கினோம், ஒரு மாதத்தில் உரிந்துவிட்டது” என்று சொல்கிறவர்களிடம் தீந்தையின் பெயரைக் கேட்காமல், பூசுமுன் என்ன செய்தீர்கள் என்றுதான் நாம் கேட்போம். பூசும் வேலை அரைமணி நேரம். அதற்கு முந்திய வேலையே பாதி நாள். பூச்சு நிற்பதும் உரிவதும் அந்தப் பாதி நாளில் தீர்ந்துவிடுகிறது.

எதற்குப் பூச வேண்டும், எதற்குப் பூசக்கூடாது

வெட்டும் வாய்க்குப் பூச வேண்டாம். மண்ணிலும் மரத்திலும் உராயும் இடத்தில் எந்தப் பூச்சும் ஒரு நாள் தாங்காது. தீட்டும் கல்லிலும் அது அப்பிக்கொள்ளும். வாயிலிருந்து மூன்று விரற்கடை விட்டுவிட்டு மேலே பூசுங்கள். வாய்ப்பகுதிக்கு ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெயே போதுமானது.

சிலர் கராஜில் கழித்த பழைய ஒயிலை வாங்கிவந்து பூசுகிறார்கள். அது சும்மா கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் எஞ்சினில் ஓடிய ஒயிலில் உலோகத் தூளும், தோலுக்குப் புற்றுநோய் வரவழைக்கக்கூடிய கரியங்களும் சேர்ந்திருக்கும். அதைப் பூசிய கையோடு மரக்கறி பிடுங்குவதும் நல்லதல்ல. போதாததற்கு, ஒருமுறை அது ஊறிய இரும்பில் பிறகு தீந்தை ஒட்டுவது மிகவும் சிரமம்.

மண்வெட்டியின் கண்ணுக்குள், அதாவது பிடி நுழையும் துவாரத்துக்குள், தடித்த பூச்சு வேண்டாம், பிடி இறுகாது. மரப்பிடிக்கும் இனாமல் தீந்தை வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வியர்வையில் வழுக்கும், கையில் கொப்புளம் எழுப்பும், உள்ளே ஈரம் போனால் மரம் வெளித்தெரியாமல் உக்கும். பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது. அது காற்றில் உறைந்து மரத்தோடு சேர்ந்துவிடும். தேங்காய் எண்ணெய் அப்படி உறையாது. ஆனால் ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது உறையும்போது தானாகச் சூடேறி, நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். துணியை வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீரில் தோய்த்து வையுங்கள். படங்கு விரித்த கொட்டிலில் குடியிருக்கும் குடும்பங்கள் இதை மறக்கவே கூடாது.

நாகமுலாம் பூசிய வாளி, பூவாளி ஆகியவற்றையும் விட்டுவிடலாம். அவற்றை நாகமே காக்கிறது. அதன்மேல் நேராக இனாமல் பூசினால் தோல் உரிவதுபோல் உரிந்து வரும்.

கழுவலும் சுரண்டலும்

முதலில் மண்ணைத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கிரீசையும் எண்ணெயையும் துடையுங்கள். மண்ணெண்ணெயும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும் என்பதால், அதற்குப் பின் சவர்க்கார நீரால் கழுவுவது அவசியம்.

இப்போது கம்பித்தூரிகையால் துருவைத் தேய்க்க வேண்டும். தடித்துப் பொருக்காக எழும்பியதைப் பழைய அரத்தின் விளிம்பால் சுரண்டி எடுக்கலாம். இதில் பிள்ளைகளைச் சேர்க்க விரும்பினால் கண்ணையும் வாயையும் மறைத்துச் சேருங்கள். கம்பித்தூரிகையின் கம்பி முறிந்து கண்ணில் பாயும்.

குழிகுழியாகத் துரு தின்ற இடங்களில் தூரிகை எட்டாது. அங்கே புளிப்பு வேலை செய்யும். வினாகிரியிலோ தேசிக்காய்ச் சாற்றிலோ ஓர் இரவு ஊறவைத்தால் துரு இளகி மறுநாள் சேறுபோல் வரும். தேசிக்காய் மலிந்த காலத்தில் செலவும் இல்லை. ஓர் இரவுக்கு மேல் விடாதீர்கள், புளிப்பு நல்ல இரும்பையும் தின்னத் தொடங்கும். எடுத்ததும் நீரில் கழுவி, ஒரு கரண்டி அப்பச்சோடா கரைத்த நீரில் மறுபடி கழுவி, மீண்டும் நல்ல நீரில் அலசுங்கள். அப்படிச் செய்தால் புளிப்பு முழுவதும் அடங்கும்.

தேயிலைச் சாயம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தோட்டத்தில் இரும்பில் தேயிலைச் சாறு பட்டால் கறுப்பதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். தேயிலையில் உள்ள தனின் இரும்போடு கூடிக் கறுப்பாகிறது. அக்காலத்தில் கடுக்காயோடு அன்னபேதி சேர்த்து மை செய்ததும் இவ்வாறுதான். கடைகளில் போத்தலில் விற்கும் துரு மாற்றிகள் சிலவற்றிலும் தனிக் அமிலம் இருக்கிறது. ஆனால் வீட்டில் காய்ச்சிய சாயத்தை மட்டும் நம்பி மேலே பூச வேண்டாம், அதன் வலு போதாது. சுரண்டுவதற்குப் பதிலாக அது நிற்காது.

பழைய பூச்சு முழுவதையும் எடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. கத்தி முனையால் கீறிப்பாருங்கள். செதில் செதிலாக வந்தால் எடுத்துவிடுங்கள். கீறல் மட்டும் விழுந்து பூச்சு இறுகப் பிடித்திருந்தால் அது இருக்கட்டும். அரத்தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, ஓரங்களைச் சாய்வாக்கி விடுங்கள்.

பழைய பூச்சு என்றதும் ஈயத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. முன்னைய காலத்து இரும்புப் பூச்சுகளில், குறிப்பாகச் செம்மஞ்சள் நிறச் சிவப்பு ஈய அடிப்பூச்சில், ஈயம் நிறைய இருந்தது. இலங்கையில் தீந்தைகளில் உள்ள ஈயத்தின் அளவுக்கு 2013 தொடக்கமே சட்ட எல்லை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய கருவி என்றால் உலர் அரத்தாளால் தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள். நீர் தொட்டுத் தேய்க்கும் தாளைக் கேட்டு வாங்கி, நனைத்தே தேயுங்கள். விழும் சேற்றைப் பழைய தாளில் ஏந்தி, கிணற்றுக்கும் கோழிக்கும் பிள்ளைக்கும் எட்டாமல் புதையுங்கள். ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்; கெட்டது திரும்பாது.

இதே காரணத்துக்காகவும், இன்னொரு காரணத்துக்காகவும், பழைய பூச்சை எரிக்க கருவியை அடுப்பில் போடும் வழக்கத்தை நாம் எதிர்க்கிறோம். ஈயப் புகை ஒரு கேடு. கொல்லன் பதம் போட்ட வாய் நெருப்பில் மென்மையாகிவிடுவது மற்றது. இரும்பு வைக்கோல் நிறமாகி, பின் நீலம் பாரித்தால் பதம் போய்விட்டது என்று பொருள். அந்தக் கத்தி அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் நில்லாது.

சுத்தம் போதுமா என்று அறிய ஒரு சோதனை உண்டு. தகட்டின் மேல் நீர் ஊற்றுங்கள். நீர் முழுத் தகட்டிலும் ஒரே படலமாகப் பரவினால் போதும். சேம்பிலையில் நிற்பதுபோல் முத்து முத்தாக ஒதுங்கினால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. மறுபடி சவர்க்காரம் போடுங்கள்.

பூசும் நாள்

சுத்தமான இரும்பு எமது ஈரக்காற்றில் விடியுமுன் மீண்டும் துருப்பிடிக்கத் தொடங்கும். ஆகவே கழுவியதும் வெயிலில் சூடாகும்வரை காயவைத்து, கைபொறுக்கும் அளவுக்கு ஆறியதும் அன்றைக்கே அடிப்பூச்சைப் பூசிவிட வேண்டும். பனி விழும் காலை வேளையும், மழை இருட்டிய மாலையும் வேண்டாம். பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடிப்பது நல்லது.

மாத்தளையில் ஐப்பசி முதல் தை வரை மழை கனக்கும். அதற்கு முந்திய புரட்டாசியே தகுந்த காலம். ஆயுத பூஜைக்கு மண்வெட்டியையும் கத்தியையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்கும் வழக்கம் எமது தோட்டங்களில் இன்றும் இருக்கிறது. எப்படியும் கழுவுகிறோமே, அந்த வாரத்திலேயே பூச்சையும் முடித்துவிட்டால் கருவி மழைக்கு முன் கவசம் போட்டுக்கொள்ளும். தவறினால் மாசி, பங்குனி.

இரும்புக்கடையில் துருத்தடுப்பு அடிப்பூச்சு என்று கேளுங்கள். ‘ரெட் ஒக்சைட்’ என்றாலும் கொடுப்பார்கள். அதை மெல்லியதாக ஒரு முறை பூசி ஓர் இரவு காயவிடுங்கள். பிறகு இனாமல் தீந்தை இரண்டு முறை, இடையில் ஒரு நாள் விட்டு. அடிப்பூச்சோடு நிறுத்திவிடுவது ஊரில் அதிகம் காணும் குறை. யன்னல் கம்பியிலிருந்து நீர்த்தாங்கிக் கால்வரை செங்காவி நிறத்திலேயே நிற்பதைப் பார்க்கிறோம். அடிப்பூச்சு தனியே நுண்துளைகள் உள்ளது. மழைநீர் அதற்குள் இறங்கும். மேலே இனாமல் வந்தால்தான் அந்தத் துளைகள் அடைபடும்.

ஒரே முறையில் தடிப்பாகப் பூசி வேலையை முடிக்க நினைப்பதும் நட்டமே. இனாமல் நீர்போல் ஆவியாகி மட்டும் காய்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை உண்டு இறுகுகிறது. தடித்துப் பூசினால் மேல்தோல் முதலில் இறுகி உள்ளே காற்றுப் போகாமல் அடைத்துவிடும். அடியில் களியாகவே கிடந்து, பிறகு சுருங்கி மடியும். தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வரும், ஆனால் முழுதாக இறுக ஒரு வாரம் செல்லும். அந்த ஒரு வாரம் கருவியை வேலைக்கு எடுக்காமல் இருப்பது கூலிக்குப் போகும் வீட்டுக்கு எளிதல்ல என்பதை அறிவோம். ஆகவே எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பூசாதீர்கள். ஒன்றை விட்டு ஒன்றாகப் பூசுங்கள், அல்லது அயல்வீட்டோடு மாறிக்கொள்ளுங்கள்.

தின்னரில் கவனம் தேவை. இனாமலுக்கு டர்பன்டைன் வகை. கராஜில் கார்ப் பூச்சுக்குப் பாவிக்கும் தின்னர் வேறு, அதை இனாமலில் ஊற்றினால் திரிந்து போகும். காய்ந்த இனாமலின் மேல் கார்ப் பூச்சை அடித்தாலும் அடிப்பூச்சோடு கொதித்து எழும்பும். கராஜில் பழகும் பிள்ளை மிச்சத்தைக் கொண்டுவந்தால் முதலில் பேணியில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லுங்கள். பேணி எட்டவேண்டும் என்று தின்னரை அதிகம் கலப்பதும் வேண்டாம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் படலம் மெலிந்து வெளுக்கும்.

ஜக், வைஸ் போன்றவற்றுக்கும் முறை இதுவே. ஆனால் ஜக்கில் மேலெழும் தண்டு, திருகின் புரி, ஒயில் ஊற்றும் மூடி ஆகியவற்றைப் பூசுமுன் தாள் ஒட்டி மறைத்துவிடுங்கள். அங்கே தீந்தை போனால் ஜக் இறங்காது. ஒயில் சுற்றிறப்பரும் கிழியும். எவ்வளவு பாரம் தாங்கும் என்று எழுதிய தகட்டை மூடிவிடவும் கூடாது. ஸ்பானர்களுக்குப் பூச்சே வேண்டாம், துடைத்து எண்ணெய் தடவினால் போதும்.

பூச்சு எத்தனை வருடம் நிற்கும்? வேலையைப் பொறுத்தது. 1889இல் கட்டிய பாரிஸ் ஐபெல் கோபுரத்தையே ஏறக்குறைய ஏழு வருடத்துக்கு ஒரு முறை பூச வேண்டியிருக்கிறது. அதைக் கல்லிலும் மண்ணிலும் அடிப்பதில்லை. மண்வெட்டியைப் பொறுத்தவரை வருடம் ஒருமுறை கீறல் விழுந்த இடங்களை மட்டும் தேய்த்துத் தொட்டுவிட்டால், முழுப்பூச்சு பல வருடத்துக்குத் தேவைப்படாது.

பத்து வீட்டுக்கு ஒரு பேணி

செலவு பற்றிப் பார்ப்போம். ஒரு லீற்றர் இனாமல் ஒருமுறைப் பூச்சாக ஏறக்குறைய 12 சதுர மீற்றருக்கு வரும். ஒரு மண்வெட்டியின் இரு பக்கமும், வாயை விட்டால், ஒரு சதுர மீற்றரில் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே 200 மில்லிலீற்றர் சின்னப் பேணி, தூரிகையில் ஒட்டிப்போவதைக் கழித்தாலும், இருபது மண்வெட்டிக்கு ஒரு முறை, அல்லது பத்து மண்வெட்டிக்கு இரண்டு முறை போதும். தனி வீடு வாங்கினால் மிச்சம் பேணியிலேயே தோல் கட்டி வீணாகும். பத்து வீடு சேர்ந்து ஓர் அடிப்பூச்சுப் பேணியும் ஓர் இனாமல் பேணியும் வாங்கி, ஒரே நாளில் பூசினால் வீட்டுக்கு வரும் பங்கு சிறிது. கம்பித்தூரிகையும் பொதுவில் ஒன்று போதும்.

நிறத்தைத் தெரிவதில் ஒரு யோசனை. பச்சையும் மண்ணிறமும் வேண்டாம், பற்றைக்குள் வைத்த கத்தியைத் தேடி அரைநாள் போகும். மஞ்சள், சிவப்பு, வெளிர்நீலம் நல்லது. பாதுகாப்பு நிலையங்களில் ஒரே நிவாரணத்தில் வந்த மண்வெட்டிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். “இது எங்களுடையது” என்று தொடங்கிய பேச்சு இரு குடும்பங்களைப் பல மாதம் பேசாமல் வைத்ததை நாம் பார்த்திருக்கிறோம். நட்டம் ஒரு மண்வெட்டி அல்ல. அறுவடைக்குக் கை மாற்றிக்கொள்ள இருந்த அயல். பொது நிறத்தின் மேல் வீட்டுக்கொரு அடையாளமாக ஒரு கோடு, இரண்டு புள்ளி, ஒரு வளையம் என்று வேறு நிறத்தில் வைத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அடையாளங்களைச் சங்கத்தின் கொப்பியில் வரைந்து வையுங்கள். வீட்டுப் பெண்களின் பெயரையும் அதில் எழுதுங்கள், மண்வெட்டியை அதிகம் பிடிக்கிறவர்கள் அவர்கள்தானே.

வேலை முடிந்ததும் பேணியின் விளிம்பைத் துடைத்து, மூடியை இறுக்கி, தலைகீழாக வையுங்கள். காற்றுப் புகாது, தோலும் கட்டாது. தூரிகையை மண்ணெண்ணெயில் கழுவியபின் அந்த மண்ணெண்ணெயை ஓடையில் ஊற்ற வேண்டாம். சுதுகங்கையில் சேரும் எந்த ஓடையிலும் கீழே யாரோ குளித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு போத்தலில் ஊற்றி, பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இரண்டு நாளில் தீந்தை அடியில் தங்கும். மேலே தெளிந்ததை வடித்தெடுத்து அடுத்த முறை தூரிகை கழுவப் பாவிக்கலாம்.